ஆறு

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் ஏழு கிலோ ஈய அங்கிக்குள்
டாக்டர் ஹில்க்கா ரவுதாஸ்கோஸ்கி.
ஒவுலு மருத்துவமனையின் சன்னலில்லாத அறையில்
இருபத்துமூன்று ஆண்டுகள்
நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் எண்கள்.
முந்நூற்று இருபது, என்பேன்.
இன்னும் கொஞ்சம் பின்னால், என்பார்.
அவ்வளவுதான்.

தொடை நரம்பில் நுழைந்த கம்பி
மேலேறி இதயத்துக்குள் போய் நின்றதும்
அவர் செய்யும் முதல் வேலை
அதை வம்புக்கு இழுப்பது.
சும்மா இருக்கிற இதயம் எதையும் சொல்லாது.
கெமியிலிருந்து வந்த தபால்காரர் வெய்யோவுக்கு
அது தடதடவென்று ஓடத் தொடங்கியபோது
"இதுதான்! சவுனாவில் வந்தது இதேதான்!" என்று
தொலைந்த மாட்டைக் கண்டவர்போலக் கத்தினார்.
ஒன்பது வருடமாக அவரிடம் எல்லோரும்
மனப்பதற்றம் என்று சொல்லியனுப்பியிருந்தார்கள்.
சுட்டது ஒரு மிளகளவு சதை.
அழுதது அதற்காக இல்லை.

சிலருக்கு ஊசி போதும்.
மருந்து உள்ளே போனதும்
திரையில் கோடு படுத்துவிடும்.
"இப்போது மோசமாக இருக்கும்.
இங்கேதான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வார்.
பிறகு நான் எண்ணுவேன், சத்தமாக,
ஏனென்றால் அவருக்கு அது பிடிக்கும்:
மூன்று. நான்கு. ஐந்து.
எத்தனை ஆயிரம் முறை பார்த்தாலும்
ஐந்துக்குப் பிறகு என் நாக்கு வறண்டுதான் போகும்.

மில்லிவிநாடிகளில் வாழ்ந்தவர்
தோர்னியோவில் பனி எந்த நாள் உடையும் என்ற
காபி அறைப் பந்தயத்தில்
ஒரு வருடம்கூட ஜெயித்ததில்லை.
இரண்டு யூரோவை வைத்துவிட்டுப் போவார்,
முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு.

யோனி, பத்தொன்பது வயது.
மரம் வெட்டும் எந்திரம் ஓட்டியவன்.
அதிர்ச்சிக் கருவி பொருத்த
வியாழக்கிழமைக்கு எழுதியிருந்தோம்.
அதற்கு முந்தைய வாரத்திலிருந்து
தள்ளி வைத்தது அவர் கையெழுத்து.
செவ்வாய் முதலில் வந்துவிட்டது.
அவன் இதய வரைபடத்தை நான்காக மடித்து
லாக்கரில், காலணிகளுக்கு மேலே வைத்திருக்கிறார்.
அதைப் பற்றி நான் கேட்டதில்லை.
கேட்காததை அவரும் கவனித்திருக்கிறார்.

இனாரிக்கு ஒருமுறை
ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிக்கொண்டு போனோம்,
நான் கருவிப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு.
கலைமான் மேய்க்கும் கிழவர்,
புற்றுநோய், கடைசி வாரம்.
சாகிற மனிதரை அவர் நெஞ்சிலிருந்த கருவி
உதைத்து உதைத்து எழுப்பக் கூடாது.
"அணைத்தால் வலிக்குமா?"
"இல்லை. எதுவுமே நடக்காது."
அவர் யோசித்தார்.
"அப்படியானால் காபி குடித்துவிட்டு அணையுங்கள்."
குடித்தோம். அணைத்தார்.
திரும்பும் வழியில்
பெட்ரோல் நிலையமொன்றில் நிறுத்திவிட்டு
வண்டிக்குள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார்.
பசிக்கிறது என்று நினைத்து
நான் போய் பன் வாங்கி வந்தேன்.

போன ஏப்ரலில், கடைசி நோயாளியும் போன பிறகு
அங்கியைக் கழற்றினார்.
ஆணியில் மாட்டவில்லை, தரையிலேயே போட்டார்.
அதே மேசையில் ஏறிப் படுத்து
"மிர்வா, ஒயர்களை ஒட்டு" என்றார்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து பார்த்தேன்.
நான்கு துடிப்பு சரி.
ஐந்தாவது முண்டியடித்துக்கொண்டு முன்னால்.
பிறகு ஒரு நீண்ட இடைவெளி,
படியில்லாத இடத்தில் கால் வைத்ததுபோல.
இது பாதிப் பேருக்கு உண்டு,
ஒன்றும் செய்யாது என்று
எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்.
"நீ சொல்" என்றார்.
சொன்னேன்:
ஒன்றும் செய்யாது, டாக்டர்.

நம்பவில்லை.
அவரிடம் கேட்டவர்களும் நம்பியிருக்க மாட்டார்கள்,
தலையாட்டியிருப்பார்கள்.
விளக்கை அணைத்துவிட்டு
கண்ணாடியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனேன்.
மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று.
நான்கு.
ஐந்து, முந்திக்கொண்டு.
இரண்டு பேரும் காத்திருந்தோம்.
ஆறு.